லெவல் வேண்டாம், டிக் போதும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடுவதுதான் டேபிள்டாப் ஆர்பிஜி. அதை ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தங்கள் பாத்திரம் பலமாகி லெவல் ஏறும் நாளைத்தான் திருநாள் என்பார்கள். எனக்கு என்னவோ அன்றைக்குத்தான் ஆட்டத்தின் மேல் இருக்கும் ஆசை கொஞ்சம் குறையும்.

இந்த வகையில் பெயர்பெற்ற டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு போர்வீரன். உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிடியூஷன் 14 என்று வைத்துக்கொண்டால் முதல் லெவலில் அவனுக்கு 12 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. காப்ளின் என்ற குட்டி அரக்கனின் வாள் பட்டால் சராசரியாக 5 போகும். மூன்று வெட்டில் ஆள் காலி. அதனால் கதவைத் திறப்பதற்கு முன் எல்லாரும் யோசிப்பார்கள், பேசிப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வெட்கமில்லாமல் ஓடுவார்கள். 6,500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்ந்து ஐந்தாம் லெவலுக்கு வந்ததும் அதே ஆளுக்கு 44. அதே காப்ளின், அதே வாள், இப்போது எட்டு வெட்டு தாங்குவான். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் சும்மா இருப்பாரா? காப்ளினை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய அரக்கனான ட்ரோலை இறக்குவார். இரண்டு பக்கமும் எண்கள்தான் பெருகுகின்றன. போன பயமும் ஓட்டமும் திரும்பி வருவதில்லை.

எதற்குப் புள்ளி தருகிறோமோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள். 1981இல் வந்த டி அண்ட் டி பேசிக் பெட்டியில் ஒரு காப்ளினைக் கொன்றால் வெறும் 5 எக்ஸ்பி. குகையிலிருந்து தூக்கிவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு எக்ஸ்பி. அப்படியென்றால் புத்திசாலி என்ன செய்வான்? தூங்கும் காப்ளினைத் தாண்டிப் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். ஐந்தாம் பதிப்பில் அதே காப்ளின் 50 எக்ஸ்பி, காசுக்கு ஒன்றும் கிடையாது. அப்புறம் 'இவர்கள் எதைப் பார்த்தாலும் வெட்டுகிறார்கள்' என்று புலம்பி என்ன பயன்?

எனக்குப் பிடித்த முறையும் அதே 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தில் இருக்கிறது. 1978இன் ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்திலிருந்து வந்த வழி அது. பாத்திரத்தின் விவரம் எழுதும் ஷீட்டில் திறமைகளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம். நூலகத்தில் தேடும் திறமை 65 என்றால், நூறு வரை விழும் பகடையில் 65 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வெற்றி. வென்றதும் கட்டத்தில் ஒரு டிக். கதை முடிந்ததும் டிக் விழுந்த திறமைக்கு மறுபடி உருட்ட வேண்டும். இந்த முறை 65க்கு மேலே விழுந்தால்தான் ஏற்றம். மாலை முழுக்க சின்ன எண்ணுக்கு ஏங்கியவர்கள் அப்போது பெரிய எண்ணுக்கு ஏங்குவார்கள். 82 விழுந்ததும் மேசையில் எழும் கூச்சல் இருக்கிறதே, எந்த லெவல் ஏற்றத்திலும் அதை நான் கேட்டதில்லை. கற்றுக்குட்டி வேகமாக வளர்வான், கைதேர்ந்தவன் மெதுவாக. தனிக் கணக்கு எதுவும் போடாமலே அது தானாக நடந்துவிடுகிறது. அந்த ஆட்டத்திலேயே, மனிதன் அறியக்கூடாத ரகசியங்களைப் பற்றிய கதுலு மிதோஸ் என்ற அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, மனநலத்தின் உச்சவரம்பு அவ்வளவு இறங்கும். வளர்ச்சிக்கு இப்படி ஒரு விலை இருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. டிக்குக்காகவே சம்பந்தமில்லாமல் பூட்டைத் திறந்து பார்க்கிற, குதிரையேறிப் பார்க்கிற ஆட்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். ஒரு திறமைக்கு ஒரு டிக்தான் என்ற விதி பாதி கட்டுப்படுத்தும். மீதியை, "இதில் என்ன ஆபத்து இருக்கிறது, எதற்கு உருட்டுகிறாய்?" என்று நடத்துகிறவர் கேட்டே சமாளிக்க வேண்டும்.

மைல்ஸ்டோன் முறை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிஎம் மனம் இரங்கும்போது எல்லாரும் ஏறுவார்கள். கணக்கு எழுதும் வேலை மிச்சம், சரி. ஆனால் ஆட்டக்காரன் கையில் என்ன இருக்கிறது?

டி அண்ட் டி ஆடவே மாட்டேன் என்றில்லை. மூன்றரையாம் பதிப்புக் காலத்தில் ரசிகர்கள் உருவாக்கிய ஈ6 என்ற வழி ஒன்று உண்டு. ஆறாவது லெவலோடு ஏற்றம் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஃபீட் எனும் தனிச் சிறப்புத் திறன்கள் மட்டும் சேரும். ஆள் மேலே போகாமல் பக்கவாட்டில் விரிவான். அடுத்த கேம்பெய்னை, அதாவது அடுத்த தொடர்கதையை, அப்படி ஆடலாமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் சரி என்றாயிற்று. விஸர்ட், அதாவது மந்திரவாதி பாத்திரம் ஆடுகிறவர் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.