தாடை வலிக்கச் சிரித்த கதை
உணர்வு ஒத்திசைவு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். உள்ளே இருப்பதை அப்படியே கொட்டுவதுதான் அது என்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் இந்த ஒத்திசைவு பற்றி எழுதியது மனநல ஆலோசகரை வைத்து: தனக்குள் ஓடுவதை அவர் தன்னிடமே மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் எதிரே இருப்பவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதல்ல.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடையில் நிற்கிறவன். போன வாரம் ஒரு அம்மா முப்பது ஜோடியை எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்து, சத்தம் பத்தலை என்று எழுந்துவிட்டார். "போயிட்டு வாங்கம்மா, அடுத்த வாரம் புது டிசைன் வருதுங்க" என்று சிரித்தேன். தாடை வலித்தது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் மேலோட்ட நடிப்பு என்றது இதைத்தான்: உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவது. ஆனால் எரிச்சலில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. முன்பெல்லாம் 'எனக்கென்ன, ஒன்றுமில்லையே' என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், சாம்பாரில் உப்பில்லை என்று கத்துவேன். (உப்பு சரியாகத்தான் இருக்கும்.) உள்ளே ஓடுவதைத் தன்னிடமே மறைப்பது; ரோஜர்ஸ் சொன்ன முரண் அதுதான்.

அப்புறம், சோகமாக இருக்கும்போது சோக நினைவுகளே வரிசைகட்டி வருவது வேறு சங்கதி. அது ஞாபகம் வேலை செய்யும் விதம். அதை 'மனநிலை ஒத்திசைவு' என்பார்கள்; பெயர் ஒத்திருக்கிறதே என்று கட்டுரை அதையும் இதோடு சேர்த்துக் குழப்பியிருக்க வேண்டாம்.