ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

சென்ற வாரம் ஈரோட்டிலிருந்து சித்தப்பா அழைத்தார். "ஜெர்மனில காலேஜுக்கு ஃபீஸே கெடையாதாமா கண்ணு? நம்ம பையனையும் அனுப்பிச்சுப் போடலாமா?" என்று கேட்டார். இங்கே முதுகலைப் படிப்பின் நான்காம் செமஸ்டரில் இருக்கும் என்னால் அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இறுதியில் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும், விசா கேட்கும்போது ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை, அதாவது 11 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை, பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கி வைக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் புரட்டிய பணத்துக்கு வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

அந்தப் பணம் கைக்கு வரும் வழியைத்தான் யாரும் சொல்வதில்லை. முகவரியை நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். அந்தப் பதிவுச் சான்று இல்லாமல் பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்ட் திறக்காது. நான் முதலில் தங்கிய அறையின் உரிமையாளர் கடைசிவரை கையொப்பமிடவில்லை. 11 லட்சத்துக்குச் சொந்தக்காரனாக வந்திறங்கிய நான், ஒரு சீனியரிடம் 200 யூரோ கடன் வாங்கி அரிசி வாங்கினேன்.

அடுத்த அறை கிடைத்தபோது இன்னொரு பாடம். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போடுவதில்லை. தபால் பெட்டியில் பெயர் இருக்க வேண்டும். அது தெரியாமல் இருந்ததால், என் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் அப்படியே திரும்பிப் போயிருந்தது. பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் கடிதங்கள் வரத் தொடங்கின. அவையும் ஜெர்மன் மொழியில்தான் வந்தன. பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் எதற்கு என்று சென்னையில் எனக்கு ஆலோசனை சொன்ன ஏஜென்ட், அந்தக் கடிதங்களைப் பார்த்திருக்க மாட்டார்.

தேர்வு முறையும் நமக்குப் பழக்கமானதல்ல. பல பாடங்களில் இன்டர்னல் மார்க் என்ற பேச்சே கிடையாது, செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் எல்லாம். பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் படிப்பையே விட்டு வெளியேற வேண்டும். இதற்கிடையே பகுதிநேர வேலையும் பார்க்க வேண்டும். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஜெர்மன் தெரியாதவனுக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைதான் எளிதில் கிடைக்கிறது. இரவு ஷிப்டு முடித்துக் காலை வகுப்பில் தூங்கி வழிந்த நாட்களை நான் வீட்டில் சொன்னதில்லை, சித்தப்பா இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் வந்ததற்காக வருந்தவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதங்கள் தருகிறார்கள், பேராசிரியரிடம் பயமின்றி எதிர்க்கேள்வி கேட்க முடிகிறது. என் குறை அந்த 'இலவசம்' என்ற சொல்லின்மீதுதான். அதை நம்பித்தான் பலரும் மொழிக்கென ஓராண்டு ஒதுக்காமல் அவசரமாக விமானம் ஏறுகிறார்கள்.

ஆகவே சித்தப்பாவிடம், தம்பியை முதலில் ஜெர்மன் வகுப்பில் சேர்த்து பி1 என்ற இடைநிலை வரை முடிக்கச் சொல்லுங்கள், விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு எவ்வளவு ஃபீஸ் கண்ணு?" என்று கேட்டார்.