பேட்டரியின் வயதை யாரும் கேட்பதில்லை

மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் விளம்பரத்தில் போடும் அந்த எண் காரின் முதல் நாளுக்கு உரியது. எட்டாவது ஆண்டில் அதே கார் எவ்வளவு ஓடும், அதை வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார், பேட்டரிக்குள் ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் மாற்ற இயலுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மின்சாரக் கார்களின் பெரிய சிக்கல் இந்தக் கேட்கப்படாத கேள்விகளில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

எடை ஒரு சிக்கல் என்பதை மறுக்கவில்லை. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்க, பேட்டரியின் அடிப்படை அலகான செல், நல்ல லித்தியம் அயனி வகையாக இருந்தாலும், ஒரு கிலோவில் 0.25 முதல் 0.3 வரைதான் வைத்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவதாலும், மின் மோட்டார் 90 விழுக்காடு வரை பயன்படுத்திக்கொள்வதாலும் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனாலும் 60 கிலோவாட் மணி பேட்டரி உள்ள கார் தன் அடியில் நானூறு கிலோவை ஒட்டிய பாரத்தைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து பொறியாளர்கள் இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டி வருகிறார்கள். முன்னேற்றமும் கண்கூடு, பேட்டரியின் விலை 2010இல் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

பேட்டரிக்கு வயதாவதன், அதாவது மூப்பின், கதை வேறு. செல்லை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போதே அதன் கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. செல்லைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். லித்தியத்தைச் சிறிது சிறிதாகத் தின்று கொழுப்பதும் அதுவேதான். வெப்பம் கூடினாலும், பேட்டரி முழுச் சார்ஜில் நெடுநேரம் கிடந்தாலும் படலம் விரைந்து தடிக்கிறது. ஆகவே ஓட்டாமல் நிறுத்தி வைத்த காருக்கும் வயதாகிறது. கடுங்குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமின்றி உலோகமாக மேலேயே படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது.

இதன் சிறு அடையாளத்தை எந்தச் சார்ஜிங் நிலையத்திலும் பார்க்கலாம். அண்மையில் நான் காத்திருந்தபோது, திரையில் 110 கிலோவாட்டில் தொடங்கிய வேகம், 80 விழுக்காட்டைத் தாண்டியதும் நாற்பதாகி, 90ஐ எட்டியபோது இருபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்து நின்றவர் எந்திரத்தில் ஏதோ பழுது என்று முணுமுணுத்தார். பழுது எதுவும் இல்லை. காலியான பேருந்தில் ஓடி ஏறி இடம் பிடிக்கலாம். கூட்டம் நிறைந்த பேருந்தில் ஒவ்வொருவராக நெருக்கித்தான் நுழைய முடியும். கிராஃபைட்டுக்குள் நுழையும் லித்தியத்துக்கும் அதே நிலைதான். அவசரப்படுத்தினால் செல் கெடும் என்பதால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களின் பேட்டரி நெடுநாள் உழைப்பதன் இரகசியமும் இதுதான். 1997இல் வந்த டொயோட்டா பிரியஸில் இருந்தது சிறிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அது முழுவதும் நிரம்பவும் விடாமல், வற்றவும் விடாமல், நடுப்பகுதியிலேயே ஏறி இறங்கும்படி காரின் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. பத்து ஆண்டுகளைக் கடந்தும் பல கார்களில் அதே பேட்டரி ஓடுகிறது. (ஒருமுறை பட்டறையில், பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று நுழைய, பின் இருக்கைக்கு அருகே இருந்த வலையைக் கழற்றிய மெக்கானிக், தூசியும் நாய் முடியும் சேர்ந்து கம்பளி போலத் திரண்டிருந்ததை உரித்துக் காட்டினார். பேட்டரி கெட்டுவிட்டதாக உரிமையாளர் முடிவே செய்திருந்தார். மூச்சுத் திணறல்தான் காரணம்.) வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பிளக்-இன் ஹைபிரிட் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணமில்லை. அதைச் செருகிச் சார்ஜ் செய்தால்தான் பயன், பலரும் செய்வதில்லை. சாலையில் அவை வெளியிடும் கரியமில வாயு, ஆய்வுக்கூட அளவைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

மூப்பு கண்ணுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் நல்ல சான்று. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு அப்போது கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய கார்கள் 2012வாக்கில் வெகுவேகமாகத் திறனை இழந்தன. ஆனால் எஞ்சிய திறனைத் தனியே காட்டும் 12 கோடுகள் அந்தக் காரின் முகப்பில் இருந்தன. ஒவ்வொரு கோடாக அணைவதை உரிமையாளர்கள் கண்ணால் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், நிறுவனம் திறன் இழப்புக்கும் உத்தரவாதம் தர நேர்ந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் அந்தக் கோடுகள் இல்லை. "இன்னும் 310 கிலோமீட்டர்" என்று திரை சொல்வது நாம் அண்மையில் ஓட்டிய விதத்தையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. அதைப் பார்த்து பேட்டரியின் உடல்நிலையை அறிய முடியாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் வந்தது நல்ல மாற்றம். நிக்கலும் கோபால்ட்டும் தேவையில்லை, வெப்பத்தைத் தாங்கும், கூடுதல் சுற்றுகள் உழைக்கும். எடைக்குத் தரும் ஆற்றல் குறைவு என்பதை ஈடுகட்ட, செல்களைச் சிறு தொகுதிகளாக, அதாவது மாட்யூல்களாகக் கட்டாமல், நேரடியாகப் பேக்கில் (முழு பேட்டரிப் பெட்டியில்) அடுக்கிப் பசையால் ஒட்டும் முறை பரவிவருகிறது. ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரமான ரேஞ்ச் கூடுகிறது, ஆனால் ஒரு செல் கெட்டாலும் பேக் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலைக்கு அது கொண்டுபோய் விடுகிறது. ரேஞ்ச் எண்ணுக்காகப் பழுதுபார்க்கும் வழியை அடைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைக்கும் திடநிலை பேட்டரி வந்தால் எல்லாம் தீரும் என்பவர்கள் அதையும் எப்படி ஒட்டப்போகிறார்கள் என்று கேட்கட்டும்.

எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர், 70 விழுக்காடு திறன் என்ற உத்தரவாதம் இன்று பரவலாகத் தரப்படுகிறது. அந்த 70ஐ அளந்து சொல்வது பெரும்பாலும் விற்ற நிறுவனமேதான். முகப்புத் திரையிலேயே எஞ்சிய திறன் தெரிய வேண்டும், வெளியார் கருவியும் அதைப் படிக்க இயல வேண்டும் என்பது மிகையான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரிச் சட்டம், ஒவ்வொரு மின்சாரக் கார் பேட்டரிக்கும் அதன் விவரங்களைத் தாங்கிய மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி முதல் சந்தைக்கு வருபவற்றுக்கே அது பொருந்தும். அதற்கு முன் விற்ற கார்களைப் பழைய காராக வாங்குபவர், பெரும்பாலும் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.