சோதனை பொய் சொல்லவில்லை, தம்பி

"அண்ணை, தனியா ஓட்டினா பாஸ் ஆகுது. எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து ஓட்டினாத்தான் விழுது. சேர்வரில ஏதோ பிழை போல."

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவர்கள் ஓட்டுவது சோதனைகளை, அதாவது எழுதிய கோட் சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற சின்னக் கோட்களை; பாஸ் ஆனால் பச்சை, விழுந்தால் சிவப்பு. சொன்ன கையோடு 'மறுபடி ஓட்டு' பொத்தானை அமத்துவார்கள். இரண்டாம் முறை பச்சை வந்துவிட்டால் கோட் உள்ளே போய்விடும், பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் அந்தப் பொத்தானையும் தானியங்கியாக்கி, விழுந்தால் மூன்று முறை ஓட்டிப்பார் என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஒன்றாக ஓட்டும்போது மட்டும் விழுகிற சோதனைதான் உங்களிடம் உள்ளவற்றில் அதிகம் மதிக்க வேண்டிய சோதனை. தனக்கே உரியது என்று நினைத்த எதையோ வேறொருவரும் தொடுகிறார் என்று அது சொல்கிறது. அதன் வாயை மூடுவது வேலை இல்லை.

ஒன்றாக ஓட்டுவதை யாரோ தேவையில்லாமல் போட்டுவிட்ட வசதி என்று நினைப்பவர்களும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியான ஜெஸ்ட், சோதனைக் கோப்புகளை இயல்பாகவே பல புரொசெஸ்களுக்கு (தனித்தனியே ஓடுகிற நிரல்களுக்கு) பிரித்துக் கொடுத்துவிடும். ரஸ்ட் மொழியில் கார்கோ என்ற கருவி ஒரே புரொசெஸுக்குள் பல திரெட்களாக, அதாவது ஒரே நினைவகத்தைப் பகிர்கிற கிளைகளாக, ஓட்டும். பைதன் மொழிக்கான பைடெஸ்ட்டில் எக்ஸ்டிஸ்ட் என்ற துணைப்பொதியை நாங்களே போட வேண்டும். எத்தனை பேர் பங்குபோட்டு ஓட்டுவது என்பதைப் பெரும்பாலும் கணினிச் செயலியின் கோர் எண்ணிக்கையைப் பார்த்தே இவை முடிவு செய்கின்றன. செகண்ட் ஹாண்டாக வாங்கிய நாலு கோர் லப்டொப்பில் ஒரு கிழமை ஓட்டினாலும் விழாதது, பதினாறு கோர் சேர்வரில் முதல் தடவையே விழுவது இதனால்தான். "என்ர லப்டொப்பில வேலை செய்யுது" என்பது உண்மைதான். அங்கே முட்டிக்கொள்ள ஆள் குறைவு.

இப்போது ஒரு அரிசி ஆலைக் கதை. ஆலையின் பெயரும் வேண்டாம், மென்பொருள் எழுதியவர்களின் பெயரும் வேண்டாம். நெல் கொண்டுவருகிற கமக்காரருக்கு நிறை, ஈரப்பதம், கழிவு, விலை எல்லாம் போட்டுப் பற்றுச்சீட்டு அடித்துக் கொடுக்கிற மென்பொருள். பற்றுச்சீட்டு இலக்கத்தை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? தரவுத்தளத்தில் இருப்பவற்றில் பெரிய இலக்கத்தைப் பார், ஒன்றைக் கூட்டு, பதிந்துவிடு. ஒரே இலக்கம் இரண்டு தரம் வரக்கூடாது என்று அட்டவணையில் தடையும் போடவில்லை.

சோதனை எழுதிய தங்கச்சியைப் பாராட்ட வேண்டும். பொம்மைத் தரவுத்தளம் வைக்காமல் ஓடுகிற சேர்வரையே கூப்பிட்டு, ஒரு பற்றுச்சீட்டு உண்டாக்கி, அதே இலக்கத்தை வைத்துத் திரும்ப எடுத்து, நிறை சரியா என்று பார்க்கிற சோதனை. தனியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மற்றச் சோதனைகளோடு ஓட்டும்போது இடைக்கிடை வேறு யாருடையவோ நிறை வந்தது. குழு என்ன செய்தது? 'நிலையில்லாத சோதனை' என்று பெயர் வைத்து, மூன்று முறை ஓட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

காலபோக அறுவடை வந்தது. உழவு இயந்திரங்கள் பெட்டியோடு றோட்டுவரை நிற்க, ஆலைக்காரர் இரண்டாவது கவுண்டரைத் திறந்தார். இரண்டு கவுண்டரிலும் ஒரே கணத்தில் 'பதிவு' அமத்துப்பட்டபோது இரண்டு கமக்காரருக்கு ஒரே இலக்கம் போனது. ஒருவருடைய நெல் நல்ல காய்ச்சல், மற்றவருடையது ஈரம். காசு எடுக்கப் போனபோது காய்ந்த நெல்லுக்கு ஈரக்கழிவு. பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. பிழையைத் தேடித்தர என்னைக் கூப்பிட்டார்கள். பழைய சோதனைப் பதிவுகளைத் திறந்தால், அதே பிழை மாதக்கணக்கில் சிவப்பாக நின்றுகொண்டிருக்கிறது.

திருத்துவது எப்படி என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் ஒரே இலக்கம் இரண்டு தரம் வராமல் தடுக்கிற யூனிக் தடை, அதில் கேள்வியே இல்லை. பிறகு பலர் சொல்வது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அடுத்த எண்ணைத் தானே தருகிற சீக்குவன்ஸைப் பாவி என்று. அது இரண்டு பேருக்கு ஒரே எண்ணைத் தராது, உண்மை. ஆனால் இடையில் பதிவு ரத்தானால் எடுத்த எண்ணைத் திருப்பியும் வைக்காது. இலக்க வரிசையில் ஓட்டை விழும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 1041க்குப் பிறகு 1043 வந்தால் கணக்காய்வுக்கு வருகிறவர் 1042 எங்கே என்று கேட்பார். அதனால் அங்கே எண்ணுக்கென்று தரவுத்தளத்தில் தனி வரி ஒன்றை வைத்து, பதிவு முடியும்வரை அதைப் பூட்டி வைத்திருக்கச் செய்தோம். இரண்டாவது கவுண்டர் ஒரு கணம் காத்திருக்கும். நெல் நிறுக்கிற நேரத்தோடு பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை. (அப்படியே, எண் ஒன்றில் தொடங்கும் என்று நம்பி எழுதிய சோதனைகளும் சீக்குவன்ஸால் உடையும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ரோல்பேக் செய்து பதிந்ததை ரத்தாக்கினாலும் எண் பின்னால் போகாது.)

எல்லா விழுகையும் இப்படிப் பெரிய உண்மையைச் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசி சோதனையிலேயே இருக்கிற குறைதான். அதே மென்பொருளில் ஒரு சோதனை ஈரப்பத எல்லையை 14 வீதம் என்று அமைப்பு அட்டவணையில் எழுதும், இன்னொன்று அதே வரியை 18 ஆக்கும், முதலாவது தன் கழிவு பிழை என்று விழும். சேர்வர் கேட்கிற நெட்வேர்க் போர்ட்டை 8080 என்று எழுதி வைப்பது, தற்காலிகக் கோப்புக்கு எல்லாரும் ஒரே பெயர் வைப்பது, எல்லாம் இந்தச் சாதிதான். போர்ட்டுக்குப் பூச்சியம் கொடுத்தால் வெறுமையான ஒன்றை இயங்குதளமே பார்த்துத் தரும். கோப்புக்குச் சோதனைக்கொரு அடைவு. தரவுத்தளத்தைச் சோதனைகளைப் பங்குபோட்டு ஓட்டுகிற புரொசெஸுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம்; வலைச் செயலி எழுதப் பாவிக்கிற ஜாங்கோவும் ரெயில்ஸும் கேட்டால் அதைத் தாங்களே செய்துதரும். புரொசெஸ் முழுவதற்கும் பொதுவான அமைப்பு மதிப்புகளான சூழல் மாறிகள் விஷயத்தில் மொழிகளே கடுமையாகிவிட்டன. கோ மொழியில் ஒன்றாக ஓடுகிற சோதனைக்குள் அவற்றை மாற்றித் தருகிற சோதனை வசதியைக் கூப்பிட்டால் பானிக் ஆகி நின்றுவிடும். ரஸ்ட்டின் 2024 பதிப்பில் அவற்றை மாற்றுவது அன்சேஃப், அதாவது ஆபத்து என்று தெரிந்தே செய்கிறேன் என்று கோட்டில் குறித்தால்தான் விடும்.

"கூகுளே இதோட வாழுது, நாங்கள் எம்மாத்திரம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 2016இல் கூகுள் எழுதியது எனக்கும் தெரியும்: ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 வீதம் நிலையில்லாத முடிவு, சோதனைகளில் கிட்டத்தட்ட 16 வீதத்தில் ஏதோ ஓரளவு நிலையின்மை. சரி. ஆனால் 2014இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் இத்தகைய சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களை எடுத்துப் பார்த்தார்கள். 24 வீதத்தில் திருத்தியவர்கள் கை வைத்தது சோதனையில் மட்டுமல்ல, சோதிக்கப்பட்ட கோட்டிலும்தான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டில் இருந்த உண்மையான பிழையைத் திருத்தியவை. நாலில் ஒன்று என்றால் எனக்கு அது சின்ன எண் இல்லை. எது அந்த ஒன்று என்று திறந்து பார்க்காமல் தெரியவும் வராது.

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படித்து வருகிற பிள்ளைகள், ஒரே வளத்தைப் பலர் தொடுவதைக் கட்டுப்படுத்துகிற செமஃபோர், ஒருவரையொருவர் காத்து எல்லாரும் நின்றுபோகிற டெட்லொக் எல்லாம் நன்றாகவே படித்திருக்கிறார்கள். நேர்முகத்தில் கேட்டால் கரண்டிகளைப் பங்குபோட வேண்டிய தத்துவவாதிகள் ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்த பாடக் கதையைக் கரும்பலகையில் கீறிக் காட்டுவார்கள். அதே பிரச்சினை தங்கள் சோதனையில் வந்தால் மட்டும் சேர்வரில் பிழை.

ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டவே கூடாதா? ஓட்டலாம். ஆலையில் தராசு ஒரு சீரியல் போர்ட்டில் தொங்குகிறது. உண்மையான தராசோடு பேசுகிற சோதனைகள் இரண்டு ஒரே நேரத்தில் ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. ஜாவாவுக்கான ஜேயுனிட்டில், ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு சோதனைக்கே விடுகிற வளப்பூட்டு இருக்கிறது. எக்ஸ்டிஸ்ட்டில் அவற்றை ஒரு குழுவாக்கி ஒரே புரொசெஸிடம் கொடுக்கலாம். அந்த நாலைந்தை மட்டும் கட்டிப்போடுங்கள். அவற்றுக்காக முழுத் தொகுதியையும் வரிசையில் விட்டுவிட்டு, ஓடி முடிய அரை மணித்தியாலம் ஆகிறது என்று சோதனையையே குறை சொல்வதுதான் எனக்குக் கோபம்.

நேரத்துக்குக் காசு யார் தருவது என்று கேட்பீர்கள். வெளிநாட்டுக்கு மணித்தியாலக் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு அது நியாயமான கேள்வி. வாடிக்கையாளரிடம் 'சோதனையைத் திருத்தினேன்' என்று எழுதினால் முகம் சுளிப்பார். 'இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் தரவு மாறுகிறதா என்று பார்த்தேன்' என்று எழுதிப் பாருங்கள், நான் அறிய எவரும் மறுத்ததில்லை.

இன்றிரவே ஒன்று செய்யலாம். உங்கள் சோதனைகளை வரிசையைக் கலைத்து ஓட்டிவிடுங்கள்; கோ மொழியில் வரிசையைக் கலைக்கிற ஷஃபிள் வசதி உள்ளேயே இருக்கிறது, பைடெஸ்ட்டுக்குத் துணைப்பொதி உண்டு. எது எது விழுந்தது என்று கீழே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். அறுவடை நேரம், பதில் பிந்தித்தான் வரும்.