25 சென்டிமீட்டர் உயரத்தில்

எறும்புக்குள் ஒரு பூஞ்சை புகுந்து அதை ஆட்டிவைப்பதாகக் காட்டும் "ஜாம்பி எறும்பு" வீடியோ மறுபடியும் சுற்றுகிறது. திகில் இசை, சிவப்பு எழுத்து, கடைசியில் "அடுத்தது மனிதனா?" பயந்துபோய்க் கேட்ட நண்பர்களுக்கு முதலில் பதில்: நமக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பூஞ்சைகளில் ஒவ்வொன்றும் ஓரிரு எறும்பினங்களை மட்டுமே நம்பிப் பிழைப்பவை.

என் கோபம் வேறு. பேயைக் காட்டுகிறார்கள், காட்டைக் காட்டுவதில்லை.

தெற்குத் தாய்லாந்தின் மழைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கட்டெறும்புக்கு உறவான ஓர் எறும்பு அங்கே மர உச்சியில் கூடு கட்டுகிறது. எப்போதாவது கீழே இறங்கும்போது ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையின் வித்து உடம்பில் ஒட்டி, மேலோட்டைத் துளைத்து உள்ளே போகிறது. நோய் முற்றினால் வலிப்பு. எறும்பு மரத்திலிருந்து விழுகிறது. தள்ளாடியபடி ஒரு சின்னச் செடியில் ஏறி, இலைக்கு அடியில் போய், உச்சிப்பொழுதில் நரம்பை அழுந்தக் கவ்வுகிறது. தாடைத் தசை சிதைந்துவிடுவதால் செத்த பிறகும் பிடி விடுவதில்லை. அப்புறம் பிடரியைப் பிளந்துகொண்டு ஒரு மெல்லிய காம்பு நீள்கிறது. அதன் பக்கத்தில் புடைத்திருக்கும் மேட்டிலிருந்து வித்துகள் கீழே உதிர்கின்றன. மற்ற எறும்புகள் நடந்துபோகும் தரை அது.

மூளைக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறது என்பார்கள். 2017-இல் வந்த ஆய்வு ஒன்றில், இதற்கு உறவான பூஞ்சை எறும்பின் உடல் முழுக்கத் தசைகளைச் சுற்றி வலை பின்னியிருந்தது. ஆனால் மூளைக்குள் அது நுழையவே இல்லை.

என்னை உலுக்கியது, அதே தாய்லாந்துக் காட்டைப் பற்றி 2009-இல் வந்த ஆய்வு. செத்த எறும்புகள் பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில், ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டிய இடத்தில் தொங்கின. சிலவற்றை எடுத்து மர உச்சியிலும் தரையிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பூஞ்சை ஒழுங்காக வளரவில்லை. ஒரு முழங்காலைத் தாண்டாத உயரம், அவ்வளவுதான் அதன் உலகம். ஜெர்மனியின் மெசல் பகுதியில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவத்திலும் நரம்போரம் இதே மாதிரிக் கடித்தடங்கள் இருக்கின்றன. அத்தனை காலமாக நடப்பது இது!

இதனால் நமக்கென்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து, நார்வே மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. அது வண்டுப் புழுக்களில் வளரும் ஒட்டுண்ணி என்று 1996-இல்தான் தெரிந்தது. ஆனாலும் மருந்து தந்தால்தான் விட்டுவைப்போம் என்ற பேரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

"மரத்தைத் தொடவில்லை, கீழே கிடந்த புதரைத்தான் எடுத்தோம்" என்று காட்டுக்குள் வேலை செய்பவர்கள் சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். செடி போனால் கவ்வ இலை இல்லை. வெயில் உள்ளே இறங்கினால் அந்த ஈரமும் இல்லை. மரக் கணக்கு அப்படியே இருக்கும், பூஞ்சை போயிருக்கும். எந்தக் காட்டில் வேலை தொடங்கினாலும் கீழடுக்கில் என்னென்ன வாழ்கிறது என்று முதலில் பார்த்து எழுதிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், பூஞ்சையையும் சேர்த்து.