உருளைக்கிழங்கிடம் தோற்றவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோமதியின் மகன் டியூஷனுக்குப் போகும் அவசரத்தில் 'கப்ஹெட்' வீடியோ ஆட்டத்தை அணைக்காமல் போய்விட்டான். இளையவளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் பற்றிப் பேச வந்த முருகேசன் ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார், தங்கை இன்னொன்றை. முக்கால் மணி நேரமாகச் சீர் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. திரையில் வில்லன் ஓர் உருளைக்கிழங்கு. இது பதினேழாவது சாவு.

கோமதி: அண்ணா, உருளைக்கிழங்கு மண்ணுருண்டை துப்பினால் குதிக்க வேண்டும். நீ ஏன் அதற்கு எதிரே ஓடுகிறாய்?

முருகேசன்: தாக்கப் போகிறேன்.

கோமதி: வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாய். இதோ, வாங்கிவிட்டாய்.

முருகேசன்: என் ஆவி மேலே போகிறது பார்! கூரையைத் தாண்டுவதற்குள் எம்பித் தட்டு, பிழைத்துக்கொள்வேன். தட்டு, தட்டு!

கோமதி: உன்னைத் தட்ட வந்தால் அடுத்த உருண்டை என் தலையில் விழுகிறது. பிழைத்தாலும் உனக்கு ஒரே ஒரு புள்ளி பலம்தான். மறு நொடியே மறுபடியும் மேலே கிளம்புகிறாய். நான் சண்டை போட உட்கார்ந்தேனா, உனக்குக் காரியம் செய்ய உட்கார்ந்தேனா?

முருகேசன்: இரண்டு பேர் ஆடினால் பாரம் பாதியாகும் என்று நினைத்தேன்.

கோமதி: இரண்டு பேர் ஆடினால் வில்லனுக்கும் பலத்தை ஏற்றிவிடுகிறார்கள். அதாவது, உன்னைத் துணைக்குச் சேர்த்ததற்கு எனக்கு அபராதம். பேசாமல் 'சிம்பிள்' என்கிற சுலப முறைக்கு மாற்றிவிடலாம்.

(முருகேசன் முகத்தில், பெண் வீட்டார் சாம்பாரில் உப்பில்லை என்று கேட்ட மாப்பிள்ளையின் தந்தைக்கு வரும் கடுமை.)

முருகேசன்: நம் வம்சத்தில் யாரும் சிம்பிளில் ஆடியதில்லை.

கோமதி: நம் வம்சத்தில் யாரும் ஆடியதே இல்லை. தாத்தா ஆடுபுலி ஆட்டத்தோடு சரி.

முருகேசன்: சிரிக்காதே. கனடாவில் அண்ணனும் தம்பியும் வீட்டை அடமானம் வைத்து உருவாக்கிய ஆட்டம் இது. 1930களின் கார்ட்டூன் மாதிரி ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்து, 2017இல்தான் வெளியே விட்டார்கள். அதைச் சுலபமாக முடித்துவிட்டால் அந்த உழைப்புக்கு என்ன மரியாதை?

கோமதி: அவர்கள் வரைந்ததில் நீ பார்த்தது ஓர் உருளைக்கிழங்கு. வெங்காயம் பாதி. அதற்குப் பிறகு கேரட் வருமாம், பையன் சொல்லிக் கேள்வி. வீட்டை அடமானம் வைத்தவன் நாலு பேர் கேரட்டையும் பார்க்கட்டும் என்று நினைத்திருக்க மாட்டானா?

முருகேசன்: சிம்பிளில் ஜெயித்தால் ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது, தெரியுமா? கதைப்படி சாத்தானிடம் சூதாடித் தோற்றவர்கள்தான் நாம் இருவரும். இந்த உருளைக்கிழங்கு மாதிரி மற்ற கடனாளிகளின் பத்திரங்களை எல்லாம் வசூலித்தால்தான் கடைசியில் சாத்தான் முன்னால் போய் நிற்க முடியும்.

கோமதி: இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு, பாயசம் வரும் நேரத்தில் இலையை எடுப்பார்களா? 'ஓவர்குக்டு' என்கிற சமையல் ஆட்டம் ஆடினேனே, அந்த இரண்டு பாகங்களையும் சேர்த்து 2020இல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் உதவி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நேரம் கூடுதலாகத் தருவான், சாப்பிட வந்தவன் பொறுமையாக இருப்பான், ஆகாத சமையலறையைத் தாண்டியும் போகலாம். என் இலையை யாரும் எடுக்கவில்லை.

முருகேசன்: சமையலுக்குப் போய் உதவி கேட்பதா? கேவலம்.

கோமதி: அண்ணிக்கு போன் போடட்டுமா? குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்து குரல் கொடுக்கிற மனிதன் பேசுகிற பேச்சைக் கேட்கட்டும்.

முருகேசன்: அதை விடு. சின்ன வயதில் நாம் கான்ட்ரா ஆடினோமே! ஒரு தோட்டா பட்டால் ஆள் காலி. மொத்தமே மூன்று உயிர். அதில் சிம்பிள் இருந்ததா, உதவி இருந்ததா? ஆனாலும் முடித்தோம். தெருவே வந்து பார்த்தது.

(கோமதி கன்ட்ரோலரைக் கீழே வைக்கிறாள். அண்ணனையே பார்க்கிறாள். சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பார்க்கும் வக்கீலின் பார்வை.)

கோமதி: மேல், மேல், கீழ், கீழ்.

முருகேசன்: என்ன?

கோமதி: இடம், வலம், இடம், வலம்.

முருகேசன்: சீர் பற்றிப் பேசுவோமா?

கோமதி: பி, ஏ! ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவாய், இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் ஒப்பிப்பாய். அழுத்தியதும் மூன்று உயிர் முப்பதாகும். தெருவே வந்து பார்த்தது, உண்மை. நீ அழுத்துகிறபோது மட்டும் என்னை வாசல் கதவைச் சாத்தச் சொல்வாய்.

முருகேசன்: அது... ரகசியக் குறியீடு. சிம்பிள் என்பது வேறு.

கோமதி: என்ன வேறு? 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றும் வேலையில் இருந்த ஹஷிமோட்டோ என்கிற ஜப்பான்காரர், சோதித்துப் பார்க்கத் தனக்கே கடினமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. சமைத்தவருக்கே காரம் தாங்கவில்லை. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்தினால் வீரம், மெனுவில் எழுதி வைத்தால் அவமானமா?

முருகேசன்: முப்பது உயிரை வைத்துக்கொண்டும் முடிப்பது சுலபமில்லை.

கோமதி: உன்னால் முடியவில்லை என்பது எனக்கும் தெரியும். முப்பதும் தீர்ந்த பிறகு என் கணக்கிலிருந்து ஒவ்வோர் உயிராக எடுத்தாய். நான் ஒரு மூலையில் பத்திரமாகப் படுத்துக் கிடந்தேன்.

முருகேசன்: கடனாகத்தானே எடுத்தேன்!

கோமதி: முப்பது வருடமாக வரவில்லை. சீரில் சேர்த்துக்கொள்கிறாயா?

(நீண்ட மௌனம். திரையில் உருளைக்கிழங்கு கண் சிமிட்டாமல் காத்திருக்கிறது.)

கோமதி: தனியாக ஆடி ஆயிரம் முறை செத்துப் போ, நான் கேட்கவே மாட்டேன். இங்கே உன் வீம்புக்கு நானும் சேர்ந்தல்லவா சாகிறேன்?

முருகேசன்: அதையேதான் நானும் நினைத்தேன். சிம்பிளுக்கு மாற்றினால் எனக்கு மட்டுமா மாறும்? நீ கொஞ்சம் நன்றாக ஆடுகிறாய்.

கோமதி: கொஞ்சமா?

முருகேசன்: நன்றாகவே ஆடுகிறாய். எனக்காக மாற்றினால் உனக்குச் சப்பென்று ஆகிவிடும்.

(காலையிலிருந்து அவர் பேசியதில் நியாயம் உள்ள வாக்கியம் இது ஒன்றுதான். கோமதிக்கே கொஞ்சம் திகைப்பு.)

கோமதி: அதற்கு வழி இருக்கிறது. 2022இல் வந்த கூடுதல் பகுதியில் ஒரு பிஸ்கட் உண்டு. பையன் எடுத்து வைத்திருக்கிறான். இரண்டு பேரில் ஒருவர்தான் அதை வைத்துக்கொள்ள முடியும். வைத்துக்கொண்டவர் மிஸ் சாலிஸ் என்கிற தங்கத் தலைப் பெண்ணாக மாறிவிடுவார். பலம் ஒரு புள்ளி கூடும், அந்தரத்தில் இரண்டாம் முறை குதிக்கலாம், அடிபடாமல் உருண்டு தப்பிக்கலாம். உருளைக்கிழங்கு அதே உருளைக்கிழங்குதான், பத்திரமும் உண்டு. நீ வைத்துக்கொள்.

முருகேசன்: இந்த வயதில் பெண் வேடம் கட்டியா ஜெயிக்க வேண்டும்? வேண்டாம் தாயே. நீ போய்க் காபி போடு.

(கோமதி அடுப்படிக்குப் போகிறாள். பால் பொங்குவதற்குள் கூடத்திலிருந்து பட்டன்களின் படபடப்பு. இரண்டு டம்ளரோடு திரும்பி வந்து நிற்கிறாள்.)

கோமதி: அண்ணா, தங்கத் தலையோடு உருண்டுகொண்டிருப்பது யார்?

முருகேசன்: பையன் மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பான்.

கோமதி: நான் அடுப்படிக்குப் போன பிறகா?

முருகேசன்: காபியைக் கீழே வை, உட்கார். வெங்காயம் வந்துவிட்டது, அழவும் ஆரம்பித்துவிட்டது. உன் ஆள் சும்மா நின்று அடி வாங்குகிறான் பார். ஐயோ, நான்தான் போனேன். தட்டு, கோமதி, தட்டு!