வெள்ளி தங்கமான கதை

(பானு மேசை விளக்கடியில் தன் நாணயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி சேகர் மூச்சிரைக்க வருகிறான்.)

சேகர்: அக்கா, கதவைச் சாத்து. வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. என் வெள்ளிக் காசு தங்கமாக மாறிக்கொண்டிருக்கிறது!

பானு: அப்படியா? எதுவரைக்கும் மாறியிருக்கிறது?

சேகர்: ஓரமெல்லாம் மஞ்சள். நடுவில்தான் இன்னும் வெள்ளி. கொஞ்சம் பொறுத்தால் முழுத் தங்கம்.

பானு: கொஞ்சம் பொறுத்தால் சிவப்பாகும், அப்புறம் நீலமாகும், கடைசியில் கருப்பாகும். அதற்கெல்லாம் என்ன உலோகம் என்று பெயர் வைக்கப் போகிறாய்?

சேகர்: உனக்குப் பொறாமை.

பானு: இது டோனிங்டா. காற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து, மேலே வெள்ளி சல்ஃபைடு என்று மெல்லிய படலம் கட்டும். சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிறதே, அந்தக் கணக்குதான். படலத்தின் கனத்துக்கு ஏற்ப நிறம் மாறும். சரி, எங்கே வைத்திருந்தாய்?

சேகர்: அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பழுப்புக் காகித உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, கம்பளிக் காலுறைக்குள் திணித்து, மர அலமாரியில் பூட்டி வைத்தேன்.

பானு: ரப்பர் பேண்டில் கந்தகம். கம்பளியில் கந்தகம். மட்டமான காகிதத்திலும் அட்டையிலும் கந்தகம் இருக்கும். மரம் தன் பங்குக்கு அமில ஆவி விடும்.

சேகர்: பூட்டு?

பானு: அது ஒன்றுதான் நிரபராதி. (பூதக்கண்ணாடியை எடுக்கிறாள்.) ராஜா தலைக்குப் பக்கத்தில் இது என்ன, கட்டைவிரல் ரேகையா?

சேகர்: என்னுடையது இல்லை.

பானு: போலீசுக்கு மைகூடத் தேவைப்படாது, அவ்வளவு தெளிவாக இருக்கிறது. இது புரூஃப் நாணயம், சேகரிக்கிறவர்களுக்காகவே தனியாக அடிக்கிறது. அச்சையும் மெருகேற்றி, தகட்டையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடித்து எடுப்பார்கள். அதனால்தான் தளத்தில் முகம் பார்க்கலாம். விரலில் இருக்கிற எண்ணெய், உப்பு, அமிலம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தொட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் போன பிறகு ரேகை எழும்பி வரும்.

சேகர்: அப்போது எப்படித்தான் பிடிப்பது?

பானு: விளிம்பை மட்டும், இரண்டு விரலால். கையுறை போட்டால் இன்னும் நல்லது. கீழே மெத்தென்று ஏதாவது விரித்திருக்க வேண்டும். உன் விஷயத்தில் மெத்தையையே விரிக்கலாம்.

சேகர்: நடந்தது நடந்துவிட்டது. பற்பசை வைத்து லேசாக ஒரு தேய்...

பானு: தேய்க்காதே! பற்பசையில் உராய்கிற தூள் இருக்கிறது. ஒரே தேய்ப்பில் தளமெல்லாம் மயிரிழைக் கீறல். துணியால் துடைத்தாலும் தூசி கீறிவிடும். படலம் படிந்த காசைக்கூட ஆசைப்பட்டு வாங்க ஆள் உண்டு, கீறல் விழுந்ததைக் கையால் தொடமாட்டார்கள்.

சேகர்: வெள்ளியை முக்கி எடுக்கிற திரவம் விற்கிறார்களே?

பானு: அது படலத்தோடு வெள்ளியையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். முக்க முக்க, பளபளப்பு செத்துப்போகும்.

சேகர்: படிந்ததை வாங்க ஆள் உண்டு என்றாயே, அது என்ன?

பானு: இயல்பாக வானவில் நிறம் ஏறின காசுக்குச் சிலர் கூடுதல் விலை தருவார்கள். (சேகர் மெதுவாகக் காலுறையை எடுக்கிறான்.) வைடா கீழே! வேண்டுமென்றே ஏற்றின நிறத்தைத் தரம் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சேகர்: சரி, இன்னொரு காசைப் பார். இதை மரத்தில் வைக்கவில்லை. நல்ல மெத்தென்ற பிளாஸ்டிக் உறை. அதில் மரகதம்கூட விளைந்திருக்கிறது.

பானு: புது மழைக்கோட்டு வாசனை வந்ததா?

சேகர்: கமகமவென்று வந்தது.

பானு: அது பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக். அந்த உறை மெத்தென்று இருப்பதற்காகச் சேர்க்கிற பொருள் நாளாக ஆகக் கசிந்து, காசின்மேல் பச்சையாய்ப் பிசுபிசுக்கும். உன் மரகதம் அதுதான். விட்டால் உலோகத்தையே அரித்துவிடும்.

சேகர்: நகப்பூச்சு அழிக்கிறது இருக்கிறதே, அதை ஊற்றட்டுமா?

பானு: அதில் எண்ணெய், வாசனை என்று என்னென்னவோ கலந்திருக்கும். சுத்தமான அசிட்டோன் வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஊறவிடு. தேய்க்காதே. ஜன்னலைத் திற, பக்கத்தில் நெருப்பு வேண்டாம். புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசித் தானாகக் காயவிடு. டோனிங் இதற்கெல்லாம் போகாது, பிசுபிசுப்பு போகும்.

சேகர்: (பானுவின் காசுகள்மேல் குனிந்து) உன்னுடையது மட்டும் எப்படிப் பளபள...

பானு: பேசாதே! எச்சில் துளி தெறித்தால் அந்த இடத்தில் புள்ளி விழும். பேசுவதென்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பேசு.

சேகர்: (சுவரைப் பார்த்து) உன்னுடையது மட்டும் எப்படி அக்கா?

பானு: காசு அடிக்கிற அக்கச்சாலையிலிருந்து வந்த காப்ஸ்யூலை, அதுதான் காசை மூடி வைக்கிற வட்டச் சிமிழை, நான் திறப்பதே இல்லை. தனியாக வந்தால் சரியான விட்டத்தில் அக்ரிலிக் காப்ஸ்யூல். உறை என்றால் மைலர் என்கிற பாலியெஸ்டர் தாள், இல்லாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். எல்லாம் ஒரு மூடின பெட்டிக்குள், கூடவே கந்தகத்தை உறிஞ்சுகிற பட்டை ஒன்று. பரணில் வெப்பம் ஏறி இறங்கும், குளியலறைப் பக்கம் ஈரம், அதனால் இரண்டும் வேண்டாம்.

சேகர்: (சுவரிடம்) தங்கக் காசு என்றால் இந்தத் தொல்லையே இல்லையே?

பானு: சுத்தத் தங்கம் என்றால் கவலை குறைவு. செம்பு கலந்திருந்தால் அதிலும் சிவப்புப் புள்ளி வரும். உனக்கு என்றால் மரகதமும் மாணிக்கமும் சேர்ந்தே விளையும். சரி, கையை நீட்டு. (சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொடுக்கிறாள்.) சிலிக்கா ஜெல். பெட்டிக்குள் போட்டு வை, ஈரத்தை இழுக்கும். அவ்வப்போது மாற்று.

சேகர்: (திரும்பி, வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறான்) 'சாப்பிடக் கூடாது' என்று அச்சடித்திருக்கிறார்களே, இதைப் போய் யாராவது சாப்பிடுவார்களா?

பானு: அச்சடித்தவர்கள் உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள்.